மூடிய சிப்பியும் மாத்திரை அட்டையும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் தேதி தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட கப்பலொன்றில் ஏறத்தாழ 14,700 டன் அரிசியும் 250 டன் பால்பவுடரும் ஏற்றப்பட்டிருந்தன; அவற்றோடு, எடையில் அற்பமாயினும் அவசியத்தில் எதற்கும் குறையாத 38 டன் மருந்தும் இருந்தது. அந்நியச் செலாவணி வற்றிப்போய், ஆஸ்பத்திரிகளில் சாதாரண மாத்திரைகளுக்குக்கூடத் தட்டுப்பாடு நேர்ந்து தவித்த இலங்கை மக்களுக்கு உதவ வேண்டுமென்று அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் பயனாக, 40,000 டன் அரிசியும், 500 டன் பால்பவுடரும், 28 கோடி ரூபாய் மதிப்புள்ள 137 வகை மருந்துகளும் தவணை தவணையாக அனுப்பப்பட்டன. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து சென்றது. இது இரண்டாவது.

எத்தனையோ நூற்றாண்டுகளாக முத்தையும் சங்கையும், பின்னர் பஞ்சையும் உப்பையும் ஏற்றி அனுப்பிப் பழகிய கரை இது. தோணித் தண்டல்கள் முதல் சுங்க அதிகாரிகள் வரை சரக்கு என்ற சொல்லை உச்சரிக்காமல் இங்கே ஒரு பொழுது கழியாது. ஆயினும் மருந்து என்னும் சரக்கு மற்றச் சரக்குகளைப் போன்றதன்று. அரிசி மூட்டை ஒரு வாரம் பிந்தி வந்தால் அண்டை வீட்டில் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். உப்பு விலை ஏறினால் சற்றுக் குறைத்துப் புழங்கலாம். இன்சுலினையும் காசநோய் மாத்திரையையும் அவ்விதம் கைமாற்று வாங்கவும் முடியாது, குறைத்துப் புழங்கவும் முடியாது. மேலும், ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே அதன் தராதரத்தைச் சொல்லிவிடுகிற குடும்பத் தலைவி, ஒரு வெள்ளை மாத்திரையைக் கையிலெடுத்து, இதனுள்ளே மருந்து இருக்கிறதா, சுண்ணாம்பு இருக்கிறதா என்று ஒருகாலும் சொல்லிவிட முடியாது. பொது சுகாதாரத்துக்காக ஓர் அரசு மருந்து வாங்குவதும், அதைப் பழுதின்றிக் காத்து வைப்பதும், உரிய இடத்துக்கு உரிய நாளில் கொண்டு சேர்ப்பதும் தனியொரு வித்தையாக வளர வேண்டி வந்ததற்கு இவ்விரண்டு குணங்களே காரணம்.

இந்த வித்தையின் முதற் பாடங்களை ஏழை நாடுகளுக்குக் கற்பித்த பெருமை, அந்தக் கப்பல் சென்றடைந்த தீவுக்கே உரியது என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விக்கிற விஷயம். சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியரும், டாக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் சேர்ந்து 1971ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார்கள். ஒரே மருந்து பத்துக் கம்பெனிகளின் பத்துப் பெயர்களில், பத்து விலைகளில் நாட்டுக்குள் இறக்குமதியாகி வருவதையும், அவற்றுள் கணிசமானவை அத்தியாவசியமானவையே அல்ல என்பதையும் எடுத்துக்காட்டி, வேண்டிய மருந்துகளை மட்டும் தேர்ந்து ஒரு பட்டியலாக்கி, அவற்றை வியாபாரப் பெயரால் அன்றிப் பொதுப் பெயரால் குறிப்பிட்டு, உலகெங்கும் டெண்டர் கோரி, நாட்டுக்காக ஒரே ஸ்தாபனம் மொத்தமாக வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும் என்பது அந்த அறிக்கையின் சாரம். அதன்படி அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த மருந்துகளின் பட்டியல் சுமார் 600 ஆகச் சுருங்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அதே ஆண்டில்தான் பிபிலே, தம்முடைய அனுபவத்தைப் பிற தேசங்களுக்கும் எடுத்துச் சென்ற ஐக்கிய நாடுகள் பணியின் நடுவே, கயானா நாட்டில் காலமானார். அவருடைய நாட்டிலேயே, அந்த அறிக்கைக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், மருந்தில்லாமற் போனதற்குக் காரணம் அவர் வகுத்த முறையின் பிழையன்று. வாங்குவதற்குப் பணமில்லாமற் போனதே. எத்தனை நேர்த்தியான முறையும் கஜானா காலியாகும்போது நின்றுவிடும் என்பதையும் நாம் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

கண்ணால் பார்த்து அறிய முடியாத சரக்கை மாதிரியைக் கொண்டு மதிப்பிடுகிற பழைய ஏற்பாடு ஒன்று நம் கரையிலும் இருந்தது. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பார்கள். 1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடைபெறவில்லை. ஆனால் அது நடந்த காலத்தில் அதற்கு இருந்த ஒழுங்கு இன்றைக்கும் படிக்கத் தக்கது. கடலடியில் சிப்பிகள் படிந்து வளரும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். பாரில் சிப்பி நிறைந்திருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் ஒருவரும் சலாபத்தை அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் அரசாங்க அதிகாரி படகில் சென்று பாரைப் பார்வையிடுவார். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து வரச் செய்வார். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைச் சிறிதும் பெரிதுமான துளைகளுடைய பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்து, அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்களைக் கொண்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று கணக்கிட்ட பின்னரே, சலாபம் நடத்துவது லாபமா நஷ்டமா என்று தீர்மானிப்பார்கள். நடந்தால், கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மிச்சம் சர்க்காருக்கு, சர்க்கார் பங்கு ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். ஏலம் எடுக்கிற வியாபாரி வாங்குவது மூடிய சிப்பியை. உள்ளே ஆணிமுத்தும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அவனுக்கு உள்ள ஒரே ஆதாரம், மாதிரியைக் கொண்டு செய்த அந்த மதிப்பீடுதான்.

மாத்திரையும் மூடிய சிப்பிதான். ஏலத்தில் ஏமாந்த வியாபாரிக்கு நஷ்டமாவது பணம்; மாத்திரையில் ஏமாந்தவனுக்கு நஷ்டமாவது உயிர். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், சிகிச்சைக்காகக் கொடுக்கப்பட்ட கிளிசரால் திரவத்தை உட்கொண்ட 14 நோயாளிகள் மாண்டார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப் பொருள் கலந்திருந்தது. அதை விசாரித்த நீதிபதி லெண்டின் ஆணையம், குற்றத்தைத் தயாரிப்பாளரோடு நிறுத்தாமல், அம்மருந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொள்முதல் வழியிலும் அதிகாரிகளின் நடத்தையிலும் இருந்த சீர்கேடுகளை வெட்டவெளிச்சமாக்கியது. அந்தப் பாடத்தை நாடு முற்றும் கற்றுக்கொண்டதென்று சொல்வதற்கில்லை. 2025ஆம் ஆண்டில், நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகிக் கடைகளின் வழியே சென்ற ஓர் இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா வட்டாரத்தில் 20க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பலி கொண்டது; பரிசோதித்தபோது, நூற்றுக்கு 48.6 பங்கு அதே டைஎத்திலீன் கிளைக்கால். நாற்பதாண்டு இடைவெளியில் அதே விஷம், அதே விதமாக, திறந்து பார்க்கப்படாத சிப்பிக்குள்ளிருந்து வந்தது.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குகிற முறை 1994 வரையில் பெருமைக்குரியதாக இருக்கவில்லை. ஒரே மருந்துக்கு ஓர் ஊரில் ஒரு விலை, மற்றோர் ஊரில் வேறொரு விலை. வருஷக் கடைசியில் ஒதுக்கீட்டைச் செலவழித்துத் தீர்ப்பதற்காக வேண்டாத மருந்து குவியும், வேண்டிய மருந்து இராது. அலமாரியில் காலாவதியானவை கிடக்க, வாசலில் நோயாளிகள் வெளிச்சீட்டோடு நிற்பார்கள். கொள்முதலில் நடந்த முறைகேடுகளும் அம்பலமாயின. இந்த நிலையில்தான், 1994ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, கம்பெனிகள் சட்டத்தின்கீழ், அரசுக்கே சொந்தமானதாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. 1995 ஜனவரி முதல் மருந்து வழங்கலானது. இதைப் பற்றி ஜனங்கள் அதிகம் பேசுவதில்லை. புதிய ஆஸ்பத்திரிக் கட்டடம் திறந்தால் படம் வருகிறது. கிடங்கில் மருந்து இருப்பு இருந்தால் அது செய்தியாவதில்லை. ஆனால் சென்ற முப்பதாண்டுகளில் தமிழ்நாட்டு ஏழைகளுக்குப் பெரும் உபகாரம் செய்த காரியங்களை எண்ணினால், இந்தக் கழகம் ஏற்படுத்திய சில சாதாரண வழக்கங்கள் அவற்றுள் முன்வரிசையில் நிற்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த வழக்கங்களைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முதலாவது, பட்டியல். பிபிலே சொன்னபடியே, எந்தெந்த மருந்து தேவை என்பதை டாக்டர்களும் நிபுணர்களும் கூடித் தீர்மானித்து, பொதுப் பெயரில் எழுதி வைப்பது. அடுத்தது டெண்டர். இடைத்தரகர்களுக்கு அதில் இடமில்லை. தயாரிப்பாளர்களிடமிருந்தே நேராகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் இரண்டு உறைகள் தர வேண்டும்: ஒன்றில் தொழிற்சாலை, உரிமம், விற்பனை அனுபவம் ஆகியவற்றின் விவரம், மற்றொன்றில் விலை. முதல் உறையைத் திறந்து, தகுதி உண்டென்று கண்ட பிறகுதான் இரண்டாம் உறை திறக்கப்படும்; தகுதி இல்லாதவன் எவ்வளவு மலிவாகக் கொடுக்க முன்வந்தாலும் அந்த மலிவு யாருடைய கண்ணிலும் படாமலே போய்விடும். குறைந்த விலையே கொள்கையாகிவிட்ட இடங்களில் நேரும் ஆபத்தை இந்த ஒரே ஏற்பாடு பெருமளவு தடுத்துவிடுகிறது. குறைந்த விலை சொன்னவர் ஒருவரை மட்டுமே நம்பியிராமல், அதே விலைக்குக் கொடுக்கச் சம்மதிக்கிற மற்றத் தயாரிப்பாளர்களுக்கும் ஆர்டர் பிரித்துக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. ஒரு தொழிற்சாலை நின்றுபோனால் மாநிலமே காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கிய மருந்து தயாரிப்பாளரிடமிருந்து நேராக மாவட்டத் தலைநகரங்களிலுள்ள கிடங்குகளுக்கு வந்து சேருகிறது. வந்த அன்றைக்கே அது விநியோகத்துக்குப் போவதில்லை. தனியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. முத்துச் சலாபத்தின் மாதிரிச் சிப்பி வேலை செய்கிற இடம் இதுதான். ஒரே சமயத்தில், ஒரே கலவையிலிருந்து தயாரான மருந்தைக் கிடங்கில் பேட்ச் என்று சொல்லுகிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே, தயாரிப்பாளரின் பெயரும் அடையாளங்களும் மறைக்கப்பட்டு, வெறும் சங்கேத எண் ஒன்று இடப்பட்டு, பரிசோதனைச் சாலைகளுக்கு அந்த மாதிரி போகிறது. பரிசோதிக்கிறவருக்கு இது யாருடைய மருந்தென்று தெரியாது. ஆகவே அவரிடம் பரிந்து பேசவோ, கையூட்டு நீட்டவோ விரும்புகிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாது. தேறிற்று என்ற அறிக்கை வந்த பிறகே மருந்து விநியோகத்துக்குப் போகும். தேறாத மருந்து திரும்பிப் போகும். தவறு செய்கிற தயாரிப்பாளர் கறுப்புப் பட்டியலில் சேர்வார். ஒரு மாத்திரையை விழுங்குகிற கிழவியின் பொருட்டு, அவள் திறந்து பார்க்க முடியாத சிப்பியை, அவள் அறியாமலே, முன்பின் அறியாத ஒருவர் எங்கோ ஓர் ஊரில் திறந்து பார்க்கிறார். அரசாங்கம் என்பதற்கு இதைவிட நல்லதொரு விளக்கத்தை நான் அறியேன்.

பாஸ்புக் என்ற ஏற்பாடும் அதே அளவு மெச்சத் தக்கது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கு வருகிற நோயாளிகளின் தொகையை அனுசரித்து, ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று ஒதுக்கி, பாங்கில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது போல் ஒரு புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். பணம் கைக்கு வருவதில்லை, மருந்துதான் வரும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவ அதிகாரி தம் ஊரின் தேவையைப் பார்த்துத் தாமே எழுதிக் கேட்கலாம். எடுத்த மருந்தின் மதிப்பு அவருடைய கணக்கில் கழிக்கப்படும். மேலிடத்திலிருந்து அனுப்பியதை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டிருந்த காலம் போய், கேட்பவர் கணக்கறிந்து கேட்க வேண்டிய காலம் வந்தது. தேரிக்காட்டு ஓரத்துச் சுகாதார நிலையமும், உப்பள வேலைக்காரர்கள் மிகுந்த முள்ளக்காட்டுப் பக்கத்து நிலையமும் ஒரே விதமான மருந்தை ஒரே அளவில் எடுக்க வேண்டிய அவசியமில்லை. வெயிலும் உப்பும் படுத்துகிற பாட்டில் தோல் நோய்க்கும் கண்ணெரிச்சலுக்கும் உப்பளத்தில் வேண்டியது வேறு, தேரிக்காட்டில் வேண்டியது வேறு என்பதைச் சென்னையில் இருப்பவர் அறிய மாட்டார். அவ்வூர் பார்மசிஸ்ட் அறிவார்.

இவ்விதமாக வருகிற மாத்திரை அட்டைகளில், இது தமிழ்நாடு அரசின் வழங்கல், விற்பனைக்கு அன்று என்ற வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். திருட்டுத்தனமாகக் கடைக்குப் போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறையைப் பார்த்துக் கேரளமும் ராஜஸ்தானும் பிற மாநிலங்களும் இதே போன்ற கழகங்களை ஏற்படுத்திக்கொண்டன. ராஜஸ்தானில் 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது அதற்கு முதுகெலும்பாக அமைந்தது அத்தகைய கழகமே.

குறையே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. விலையை மேலும் மேலும் நெருக்கினால், தரமான தயாரிப்பாளர்கள் மெல்ல விலகிக்கொள்வார்கள். எஞ்சுகிறவர்கள் ஒப்புக்கொண்ட தேதிக்குச் சரக்கு அனுப்பத் தவறுவார்கள். பணம் பட்டுவாடா தாமதமானாலும் இதே கதிதான். மலிவாக வாங்கிய மருந்து வராத மருந்தாகிவிட்டால், அதன் விலை என்னவென்று யாராலும் கணக்கிட முடியாது.

தடுப்பூசியின் விஷயம் இன்னும் நுட்பமானது. அதில் வெயிலும் ஒரு பகைவன், குளிரும் ஒரு பகைவன். தடுப்பூசிகளில் பெரும்பாலானவை எப்போதும் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. தூத்துக்குடி வெயிலின் சூடு அவற்றுக்கு ஆகாதென்று எவரும் சொல்லிவிடுவார்; ஆனால் குளிர் அதிகமாகி உறைந்துபோனாலும் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவேலன்ட்டும், டெட்டனஸ், மஞ்சட்காமாலை ஆகியவற்றின் தடுப்பூசிகளும் பயனற்றுப் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகையால் கிராம சுகாதார செவிலியர், உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொட்டலத்தை அப்படியே தடுப்பூசிப் பெட்டியில் வைத்துவிடமாட்டார். சற்று நேரம் வெளியில் வைத்து, காதோரம் குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கிற ஓசை கேட்ட பின்புதான் வைப்பார். குப்பியின்மேல் ஒட்டியிருக்கும் சிறு வட்டத்துக்குள் ஒரு சதுரம் உண்டு. சூடு பட்டால் அது கறுத்துக்கொண்டே வரும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை எறிந்துவிட வேண்டியதுதான். தயாரித்த தொழிற்சாலையிலிருந்து மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டம், சுகாதார நிலையம் என்று கைமாறி வருகிற நீண்ட பிரயாணத்தில் எந்த ஒரு கை அசட்டையாக இருந்து சூடு படவிட்டாலும் அந்தச் சதுரம் அதை எழுதி வைத்துவிடுகிறது.

இனி, வழியே அறுந்துபோகிற நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை அனுபவித்தவர்கள் தம் ஆயுளில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதற்கும் மேலாக ஒரு பகல் ஓர் இரவில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்ப் பக்கங்கள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. ஹெலிகாப்டர்களிலிருந்து உணவுப் பொட்டலம் போட வேண்டி வந்தது. அத்தகைய நாளில் சென்னையிலிருக்கும் மருந்தும் மருந்தன்று, மாவட்டக் கிடங்கிலிருக்கும் மருந்தும் மருந்தன்று. அந்த ஊர் அலமாரியில் அன்று காலை என்ன இருந்ததோ அதுவே மருந்து. சர்க்கரை நோய்க்காரரின் இன்சுலினும், ரத்தக் கொதிப்பு மாத்திரையும், பாம்புக்கடிக்குரிய விஷமுறிவு ஊசியும், பிரசவத்துக்கு வேண்டியவையும் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இந்தக் கடலோரத்து நிலையங்களில் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பு வைக்கப்பட வேண்டும் என்பது என் விண்ணப்பம். வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் வருகிற விருந்தாளியல்ல.

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் தூத்துக்குடி மற்றொரு விதத்தில் சோதிக்கப்பட்டது. மூச்சுக்காற்று சரக்காயிற்று. மக்கள் போராட்டத்தையும், 13 உயிர்களைப் பலிகொண்ட துப்பாக்கிச் சூட்டையும் அடுத்து 2018இல் மூடப்பட்ட ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் ஆக்ஸிஜன் கூடத்தை மட்டும் திறந்து நடத்த 2021 ஏப்ரல் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதைப் பற்றி இந்த நகரத்து மக்களின் மனத்தில் எழுந்த வேதனையையும் விவாதங்களையும் இங்கே விரித்துரைக்க இடமில்லை. ஆனால் ஒரு விஷயம் அப்போது தெளிவாயிற்று: ஆக்ஸிஜன் எங்கே உற்பத்தியாகிறது என்பது பாதிக் கேள்வியே, பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரிக் குளிரில் திரவமாக அதைச் சுமந்து செல்லும் டாங்கர் லாரி எங்கே, ஆஸ்பத்திரியில் அதை ஏற்று வைக்கும் கலம் எங்கே, கட்டிலருகே வரும் குழாய் எங்கே என்பவை மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் சாதாரண நாட்களில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டிக் கணிப்பது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வீடு தேடிப் போனால் நோயாளிகள் பெருகுவார்கள். பெருகுகிற தொகையைக் கண்டறிந்து அதற்கேற்ப முன்னதாகவே வாங்காவிட்டால், வாசல் வரை வந்த ஊழியரின் பையில் மாத்திரை இராது. காசநோயின் விஷயத்தில் நாடு இதன் கசப்பை அனுபவித்தது. அந்நோய்க்கான மருந்துகளை மத்திய அரசே மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்கு அனுப்புவது வழக்கம். 2024 மார்ச் மாதத்தில், வர வேண்டிய மருந்து வரத் தாமதமாகலாம், மூன்று மாதங்களுக்கு வேண்டியதை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிடக்கூடும். பிறகு அந்த ஒருவருடைய வீட்டோடு அது நிற்காது. மொத்தமாக ஓரிடத்தில் வாங்குவதில் லாபம் உண்டு. ஆனால் அந்த ஓரிடம் தடுமாறினால் தேசம் முழுவதும் ஒரே நாளில் தடுமாறும். ஆகவே மையத்தில் வாங்கினாலும், கையிருப்பைப் பல இடங்களில் பல மாதங்களுக்குப் பரப்பி வைப்பதுதான் விவேகம்.

சென்ற ஆண்டு எவ்வளவு மருந்து வழங்கினோம் என்ற கணக்கிலிருந்தே வரும் ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று சாதாரணமாக மதிப்பிடுகிறார்கள். இந்தக் கணக்கில் பார்வைக்குப் படாத ஓட்டை ஒன்று இருக்கிறது. வேம்பாரிலோ, புன்னைக்காயலிலோ, மணப்பாட்டிலோ, பெரியதாழையிலோ உள்ள ஒரு மூதாட்டி வெயிலில் நடந்து வந்து கேட்கிறார். "மாத்திரை வரலை பாட்டி, அடுத்த வாரம் வாங்க" என்று பதில் கிடைக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறார். அன்று வழங்கியது பூஜ்யம். பதிவேட்டில் ஏறுவதும் பூஜ்யம். மாதம் முழுவதும் இப்படியே கழிந்தால், அந்த மருந்து அந்த ஊருக்குத் தேவைப்படவில்லை என்று காகிதம் சாட்சி சொல்லும். அடுத்த ஆண்டுக் கொள்முதலும் அதற்கேற்பக் குறையும். தட்டுப்பாடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிற விதம் இதுதான். வழங்கிய கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சென்னையிலிருக்கும் எந்த அதிகாரியாலும், எந்தக் கம்ப்யூட்டராலும் கண்டுபிடிக்க இயலாது.

வாசகர்களாகிய உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். நீங்களோ உங்களைச் சேர்ந்தவர்களோ அரசு ஆஸ்பத்திரிக்கோ சுகாதார நிலையத்துக்கோ போய், எழுதிக் கொடுத்த மருந்து இல்லை என்ற பதிலைக் கேட்க நேர்ந்தால், அங்கேயுள்ள பார்மசிஸ்டிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைத் தயாரிப்பவரும் அவரல்லர், ஒளித்து வைத்தவரும் அவரல்லர். ஆனால் பேசாமல் திரும்பியும் வந்துவிடாதீர்கள். இன்ன தேதியில், இன்ன மருந்து கேட்டேன், கிடைக்கவில்லை என்பதை அவருடைய பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வீடு திரும்புங்கள்.